கைமாறிய காமிரா

மாடு வாங்கப் போகிறவன் முதலில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். பிறகு சுழி பார்க்கிறான். நாலு தப்படி நடக்க விட்டுப் பார்க்கிறான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்கு அப்புறந்தான். ஒருவர் கையில் உழைத்த ஜீவனை இன்னொருவர் வாங்குவதற்கு நம் ஜனங்கள் ஒரு சாஸ்திரமே வைத்திருந்தார்கள். அந்தச் சாஸ்திரம் காமிராவுக்கு இன்னும் சரியாக ஏற்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு காலத்தில் லட்சக் கணக்கில் விலை சொன்ன, தொழில்காரர்களுக்கென்றே செய்யப்பட்ட டிஜிடல் காமிராக்கள் இன்று செகண்டு ஹாண்டாக ஒரு நடுத்தரக் கைபேசியின் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கலாமா, கூடாதா? கேட்பவர்கள் பலர். பதில் சொல்பவர்களோ, ‘அந்தக் காலத்துச் சாமான் மாதிரி வருமா?’ என்கிறார்கள், அல்லது, ‘பழசைத் தலையில் கட்டிக்கொள்ளாதே’ என்கிறார்கள். இரண்டும் பதில் அல்ல.

இந்தக் கேள்வி எனக்கு வந்த இடம் சென்னீர்குப்பம். பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் சாலையில் இருக்கிறது. கிராமம் என்றும் சொல்ல முடியாது, பட்டணம் என்றும் சொல்ல முடியாது. பக்கத்திலே பூந்தமல்லி நெடுஞ்சாலை. அதை ஒட்டிக் கலியாண மண்டபங்கள். மண்டபங்கள் இருக்கும் இடத்தில் போட்டோக்காரர்களும் இருப்பார்கள். போட்டோக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கு லைட் பிடிக்கும் பையன்களும் இருப்பார்கள். அப்படி லைட் பிடிக்கும் பையன் ஒருவன்தான் கேட்டான்.

“சார், கேனன் 5டி மார்க் 2 ஒண்ணு வருது. லென்ஸோட சேத்துக் குடுக்கறாங்க. அம்மா வளையலை வச்சு வாங்கித் தரேன்னுது. வாங்கலாமா, வாணாமா?”

வளையல் என்ற சொல் வந்த பிறகு விஷயம் விளையாட்டாக இல்லை. அடகுக் கடை வட்டி மாதம் தவறாமல் ஏறும். கலியாணமோ மாதம் தவறாமல் வராது. அவனுக்குச் சொல்வதற்காக இந்தக் காமிராக்களின் சரித்திரத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தேன். ஒரு காமிரா எப்போது கிழடாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னாலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

மதராஸ் ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக 1856-ம் ஆண்டில் நியமிக்கப்பட்டவர் காப்டன் லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி. அதற்கு முந்திய ஆண்டில் பர்மாவுக்குப் போன தூதுக் குழுவுடன் சென்று படமெடுத்துப் பெயர் வாங்கியவர். 1857 டிசம்பரில் புறப்பட்டு, அடுத்த வேனிற்காலத்துக்குள் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி, நம் கோயில்களைப் பெரிய பெரிய படங்களாக எடுத்தார். அந்தச் சமயத்தில் மேல்நாட்டில் கண்ணாடித் தகட்டில் படமெடுக்கும் புது முறை பரவிவிட்டது. 1851-ல் வந்த அந்த முறையில் படம் வெகு கூர்மையாக விழும். காகிதத்தில் நெகடிவ் எடுக்கும் முறை அதற்கு மூத்தது. அதைப் பலரும் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். டிரைப்புக்குக் கண்ணாடி முறையும் தெரியும். இருந்தும் பெரும்பாலான படங்களைக் காகிதத்திலேயே எடுத்தார்.

காரணம் நம் வெயில். கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். தஞ்சாவூர் வெயிலில் ஈரம் எத்தனை நிமிஷம் நிற்கும்? மெழுகு ஏற்றிய காகிதத்தையோ முன்கூட்டியே தயார் செய்து பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். உடையாது, கனமும் இல்லை. பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாக இருபத்தொரு படங்கள் எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். கைவிடப்பட்டு வந்த ஒரு முறையைக் கொண்டு செய்த வேலை அது! 1859-ல் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் டிரெவெல்யனுக்கு இதெல்லாம் கஜானாவுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரமாகப் பட்டது, திட்டத்தை நிறுத்திவிட்டார். சிக்கனம் நல்ல குணந்தான். ஆனாலும் இன்னும் நாலு வருஷம் விட்டிருந்தால் எத்தனை கோயில்கள் படத்தில் கிடைத்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

டிரைப்புக்குப் பின் நூறு வருஷத்துக்குமேல் காமிரா என்பது தகப்பன் மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போகிற சாமானாக இருந்தது. நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் கையில் இருந்த யாஷிகாவையோ, பின்னால் வந்த நிக்கான் எப்.எம்.2-ஐயோ நினைத்துப் பாருங்கள். அவற்றில் கிழடு தட்ட என்ன இருந்தது? படம் விழுவது பிலிமில். புதிதாக நல்ல பிலிம் வந்தால், முப்பது வருஷத்துக் காமிராவும் அன்றே புதுக் காமிரா ஆகிவிடும். உதகமண்டலத்தில் 1960-ல் ஏற்பட்டு 1967-ல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் ‘இந்து’ பிலிம் சுருளை எந்தப் பழைய பெட்டியில் போட்டாலும் ஏற்றுக்கொண்டது. பிறகு பிலிமுக்கே காலம் முடிந்தது. அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது.

டிஜிடல் காமிரா இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. இதில் பிலிம் காமிராவுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. சென்ஸார் என்கிறார்களே, அதுதான் பிலிம். அதை மாற்ற முடியாது. காமிராவை வாங்கிய அன்றைக்குப் பிலிமையும் ஆயுளுக்கு வாங்கியாகிவிட்டது. ஆகவே பழைய டிஜிடல் காமிரா வாங்குகிறவன், அது பிறந்த வருஷத்துப் பிலிமையும் சேர்த்து வாங்குகிறான். அது எந்த வருஷம் என்பதில்தான் பாதி ஜாதகம் இருக்கிறது.

அமெரிக்காவில் கோடாக் கம்பெனியின் ஸ்டீவன் ஸாஸன் என்ற இஞ்சினீயர் 1975-ல் செய்த முதல் டிஜிடல் காமிரா சுமார் மூன்றரைக் கிலோ கனம். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. படத்தில் மொத்தம் பதினாயிரம் புள்ளிகள், கறுப்பு வெள்ளை. 1991-ல் அதே கம்பெனி பத்திரிகைக்காரர்களுக்கென்று விற்ற டி.ஸி.எஸ். என்னும் காமிரா, நிக்கான் எப்3 உடலில் 13 லட்சம் புள்ளிகள் கொண்ட சென்ஸாரைப் பொருத்தியது. படங்களைச் சேர்த்து வைக்கத் தோளில் ஒரு தனிப் பெட்டியையும் சுமக்க வேண்டும். 156 படத்தோடு பெட்டி நிறைந்துவிடும். அப்படியும் விலை 20,000 டாலருக்கு மேல்! இவற்றை இன்று வாங்குகிறவர் அலமாரியில் வைத்துப் பார்க்கத்தான் வாங்க வேண்டும்.

1999-ல் வந்த நிக்கான் டி1 அந்த விலையைச் சுமார் ஐயாயிரம் டாலருக்கு இறக்கியது. பத்திரிகை உலகத்தில் பிலிமின் சாவு மணி அப்போதே அடித்துவிட்டது எனலாம். ஆனால் அதன் படத்தின் அகலம் 2,000 புள்ளி. நம் கலியாண ஆல்பத்தின் ஒரு பக்கம் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம். 2,000-ஐப் பதினெட்டால் வகுத்தால் அங்குலத்துக்கு 111 புள்ளி. பட்டுப் புடவையின் ஜரிகை குழம்பிப் போய்விடும். 2002-ல் கேனன் கொண்டுவந்த 1டிஎஸ் காமிராவுக்கு ஒரு கோடியே பத்து லட்சம் புள்ளி. விலை 8,000 டாலர். பகல் வெளிச்சத்தில் இன்றைக்கும் அது அருமையாகப் படமெடுக்கும். ஆனால் அதன் ஐ.எஸ்.ஓ. 1250-க்கு மேல் ஏறாது. ஐ.எஸ்.ஓ. என்பது இருட்டில் பார்க்கும் சக்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் கலியாணத்துக்கு அந்தச் சக்திதான் முக்கியம். முகூர்த்தம் விடியற்காலை நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில் வைக்கிறார்கள். மணவறையில் ஓமப் புகை. பின்னால் கண்ணைப் பறிக்கும் வர்ண விளக்குகள். மணமகள் முகத்திலோ நிழல். கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை பறக்கிறது, பெரியப்பா ஒருவர் காமிராவுக்கும் தாலிக்கும் குறுக்கே சரியாக அந்த நிமிஷத்தில் கையை நீட்டுகிறார். மூன்று முடிச்சும் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். ‘மாப்பிள்ளை, இன்னொரு தடவை கட்டுங்கள்’ என்று சொல்ல முடியுமா?

இந்த அரை நிமிஷத்தின் இருட்டை வென்ற காமிராக்கள் பிறந்தது 2007, 2008-ம் ஆண்டுகளில். 2005-ல் வந்த கேனனின் முதல் 5டி, பழைய பிலிம் அளவுக்கே சென்ஸாரை அகலமாக்கி, அதையும் 3,300 டாலருக்குக் கொடுத்து வழி திறந்தது. 2007-ல் நிக்கான் டி3 வந்தது. புள்ளிகள் ஒரு கோடியே இருபது லட்சந்தான். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் பெரியது. முற்றத்தில் மழைக்குச் சிறு கிண்ணங்களை வைப்பதற்குப் பதில் அண்டாக்களை வைத்தது போல, ஒவ்வொன்றும் அதிக வெளிச்சத்தைப் பிடித்தது. ஐ.எஸ்.ஓ. 6400-ல் எடுத்த படத்தையும் கூசாமல் ஆல்பத்தில் போடலாம் என்ற நிலை ஏற்பட்டது. மறு வருஷம் அதே சென்ஸாருடன் டி700-ம், இரண்டு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுடன் கேனன் 5டி மார்க் 2-ம் வந்தன.

ஆல்பக் கணக்கையே மறுபடி போட்டுப் பார்ப்போம். டி700 படத்தின் அகலம் 4,256 புள்ளி; பதினெட்டு அங்குலத்துக்கு வகுத்தால் 236. கண்ணுக்கு இது தாராளமாகப் போதும். மார்க் 2-ன் அகலம் 5,616, வகுத்தால் 312. இரண்டு பக்கத்தையும் சேர்த்து முப்பத்தாறு அங்குலத்துக்கு ஒரே படத்தை விரித்தாலும் 156 வருகிறது. ஆல்பத்தை மடியில் வைத்துப் புரட்டும் மாமியார் பூதக்கண்ணாடியோடு உட்காருவதில்லை. ஆகையால் என் அபிப்பிராயத்தில், 2007-க்கு முந்திய தொழில் காமிராவைக் கலியாணத் தொழிலுக்கு வாங்கக் கூடாது. அதற்குப் பிந்தியதைப் படத்தின் தரத்துக்காக வேண்டாமென்று ஒதுக்க நியாயம் இல்லை.

அப்படியானால் வாங்கிவிடலாமே என்றால், அங்கேதான் மாட்டுத் தரகரின் நிதானம் வேண்டும். பிலிம் கெட்டுப் போகவில்லை, சரி. அதைச் சுமக்கும் சரீரம்?

முதலில் ஷட்டர். அதுதான் பல். மார்க் 2, டி700 இரண்டுக்கும் ஒன்றரை லட்சம் தடவை, டி3-க்கு மூன்று லட்சம் தடவை என்று கம்பெனிகளே சோதித்துச் சொல்லியிருக்கின்றன. ஒரு கலியாணத்துக்கு வரவேற்பும் சேர்த்து மூவாயிரம் படம் எடுத்தால் ஒன்றரை லட்சம் என்பது ஐம்பது கலியாணம். நிக்கானில் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் அந்தப் படத்துக்குள்ளேயே கணக்குப் பதிந்திருக்கும். மார்க் 2-ல் அப்படித் தெரியாது. கம்ப்யூட்டரில் கம்பி போட்டு இணைத்து, அதற்கென்று உள்ள மென்பொருளைக் கொண்டுதான் பார்க்க வேண்டும். விற்கிறவர், ‘அதெல்லாம் எதற்கு? வீட்டு உபயோகத்துக்கு வைத்திருந்தது’ என்றால், வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது பாட்டரி. பழைய காமிராக்களில் அதிகமானவை பாட்டரி கிடைக்காமல்தான் செத்திருக்கின்றன. டி1-ன் பாட்டரிக்கு இன்று எங்கே போவது? இந்த விஷயத்தில் மார்க் 2-க்கு அதிர்ஷ்டம் உண்டு. 2008-ல் அதற்கென்று வந்த எல்.பி.இ6 என்ற பாட்டரியின் வடிவத்தைக் கேனன் பின்னால் வந்த காமிராக்களிலும் விடாமல் வைத்திருக்கிறது. தம்பிமார் தயவில் அண்ணனுக்கும் சோறு கிடைக்கிறது. கார்டு விஷயம் அவ்வளவு சுலபமல்ல. 1994-ல் வந்த காம்பாக்ட் பிளாஷ் கார்டுதான் இவற்றுக்கு வேண்டும். அதை வைக்கும் கடைகள் குறைந்து வருகின்றன. கார்டைச் செருகும் இடத்தில் ஊசி போன்ற கம்பிகள் வரிசையாக இருக்கும். ஒன்று வளைந்திருந்தாலும் ஆபத்து. டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. நிக்கான்களில் கைப்பிடி ரப்பர் உப்பிக் கழன்றிருக்கும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. முதல் 5டியில் உள்ளே இருக்கும் கண்ணாடி பசை விட்டுக் கழன்று விழுந்ததுண்டு. கம்பெனியே இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. அந்தத் தயவெல்லாம் இன்று எதிர்பார்ப்பதற்கில்லை.

நம் பக்கத்துக்கென்று ஒரு சோதனை உண்டு. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தபோது அடையாற்றங்கரையில் எத்தனை வீடுகளில் தண்ணீர் புகுந்தது என்பதை இங்கே யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டாம். 2023 டிசம்பரிலும் புயல் வந்து நகரத்தை முழுக்கிவிட்டுப் போயிற்று. வெள்ளத்தில் நனைந்த காமிராவைத் துடைத்து, காய வைத்து, வருஷக் கணக்கில் ஓட்டிவிடலாம். உள்ளே பச்சை பூத்துக்கொண்டே இருக்கும். பாட்டரி அறையின் தகடுகளிலும், அடியிலுள்ள திருகாணிகளின் தலையிலும் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சிலந்திவலை போலப் பூஞ்சணம் தெரியும். கடற்கரைப் பட்டணத்தில் அதற்குக் குறைவே இல்லை. பழைய பில்லில் உள்ள நம்பரும் காமிராவின் அடியில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்பதையும் பார்த்துவிட வேண்டும். திருட்டு மாடு வாங்கியவன் கதைகள் நமக்குத் தெரிந்தவைதானே?

சினிமாப் படம் எடுக்கும் சக்தியும் இவற்றுக்கு உண்டு என்பார்கள். உண்மைதான். மார்க் 2 அதில் உலகப் பெயர் வாங்கியது. தமிழிலேயே பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’, 2012-ல், கேனன் 7டி என்னும் ஸ்டில் காமிராவால் எடுக்கப்பட்டது. ஆனால் அங்கே ஒவ்வொரு ஷாட்டுக்கும் போகஸ் பார்க்க ஆள் இருப்பார். வேண்டுமானால் திரும்பவும் எடுக்கலாம். மண்டபத்தில் நகரும் மணமகள் பின்னால் இந்தக் காமிரா தானாகப் போகஸ் மாற்றிக்கொண்டு ஓடாது. பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை பதிவும் நின்றுவிடும். வீடியோவும் வேண்டும் என்கிற வீட்டாருக்கு இது உதவாது. அந்த வேலைக்குப் புதிய கண்ணாடியில்லாக் காமிராக்களே சரி.

இவ்வளவும் பார்த்த பிறகு என் மனத்தில் நின்ற ஆட்சேபம் ஒன்றே ஒன்று. மார்க் 2-லும் டி700-லும் கார்டு போட ஒரே ஓர் இடந்தான் உண்டு. அந்தக் கார்டு கெட்டால் கலியாணமே போயிற்று. டி3-லும், 2012-ல் வந்த 5டி மார்க் 3-லும் இரண்டு இடங்கள் உண்டு; ஒரே படம் இரண்டிலும் பதியும். இருட்டில் போகஸ் பிடிப்பதிலும் மார்க் 3-ன் 61 முனைகளுக்கு முன் மார்க் 2-ன் ஒன்பது முனை நிற்க முடியாது. அந்த ஒன்பதிலும் நம்பக்கூடியது நடுவில் இருக்கும் ஒன்றுதான்.

அந்தப் பையனிடம் நான் சொன்னது இதுதான்: “வளையலை வைத்து வாங்குகிற காமிரா, தனியாக நின்று முகூர்த்தம் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் தம்பி. இது அப்படிப்பட்டதில்லை. பிறந்த நாள், நிச்சயதார்த்தம், உங்கள் முதலாளிக்குப் பக்கத்தில் நின்று எடுக்கிற இரண்டாவது காமிரா, இவ்வளவுக்கும் இது ராஜா. கையிலிருக்கும் காசுக்கு வந்தால் வாங்கு, வட்டிக்கு வாங்காதே.”

அவன் லென்ஸைப் பற்றிக் கேட்டான். நல்ல கேள்வி. கேனன் 1987-லும், நிக்கான் 1959-லும் ஏற்படுத்திய லென்ஸ் வாய்களுக்குச் செய்த கண்ணாடிகளை, 2018-க்குப் பின் வந்த கண்ணாடியில்லாக் காமிராக்களிலும் ஒரு வளையம் மாட்டிப் பெரும்பாலும் உபயோகிக்கலாம். ஆகையால் பேரத்தில் காமிராவுக்குக் கொடுக்கும் பணம் கரையும் பணம். லென்ஸுக்குக் கொடுக்கும் பணம் கொஞ்சம் நிற்கும். இரண்டுக்கும் தனித்தனியே விலை கேட்கும்படி சொன்னேன். அப்படிக் கேட்டதும் விற்பவர் சொன்ன மொத்த விலையில் லென்ஸின் பங்கே பெரிதாக இருந்ததாம். காமிராவை ஏறக்குறைய சும்மா கொடுக்கிறார் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

இன்னும் ஒரு விஷயம். கலியாணப் போட்டோக்காரர்களின் சாமானை ஆடி மாதத்தில் பார்ப்பது நல்லது. ஆனியோடு முகூர்த்தங்கள் நின்றுவிடுகின்றன. விற்பவருக்குக் கையில் பணம் முடையாக இருக்கும். பேசவும் நேரம் இருக்கும். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றால் அந்த மாதத்தில் ஒப்புக்கொள்வார்கள். சாயங்காலம் அம்மன் கோயில் கூழ் வார்க்கும் கூட்டத்தில், லைட் போடாமல், ஐ.எஸ்.ஓ. 3200-ல் வைத்து ஐந்நூறு படம் எடுத்துப் பார்க்கலாம். எங்கே சிக்குகிறது, எது சூடாகிறது, பாட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அதற்கப்புறமும் நாள் இருக்கும்.